சனிக்கிழமை வரை

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.
அதை மறைக்கப் போவதில்லை.
போன ஐப்பசியில் கழிஞ்சூர் ஏரி நிரம்பி
கால்வாயில் போக வழியில்லாமல்
எங்கள் தெருவுக்குள் திரும்பியது.
சமையலறையில் சிலிண்டர் மிதந்தது.
மிக்சி அட்டைப்பெட்டிக்குள் ஒரு சாரைக்குட்டி.
மூன்று ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து
அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா என்று
கத்திக் கேட்டவள் நான்.

இருந்தது.
சித்திரை வெயிலில் வந்தது,
ஒரு சனிக்கிழமை, மைதாப் பசை வாளியோடு.
அன்சர் பாஷாவின் பஞ்சர் கடைத் தகரத்தில்
ஒரு தாள்:
கோபுர முத்திரை, ந.க. எண்,
வட்டாட்சியருக்காக என்று யாரோ போட்ட சுழிப்பு.
ஏழு தினங்களுக்குள் தாங்களாகவே.
தவறும் பட்சத்தில்.
கீழ்மூலையை ஆடு தின்றுவிட்டது.
ஏழு தப்பித்தது.

என் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டே சொன்னார்,
"சனிக்கெயம வரிக்கும் டைம் கீதும்மா,
மச்சான் ஆற்காட்டுல எடம் பாக்கறான்."
நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முப்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு
மஞ்சள் இயந்திரம் வந்தது.
கம்ப்ரசரை மட்டும் எடுத்துக்கிறேன் சார் என்றவரை
ஒரு போலீஸ்காரர்
தூங்குகிற பிள்ளையைக் கட்டில் மாற்றுவதுபோல்
இடுப்போடு தூக்கி ஓரமாக வைத்தார்.
கொஞ்சம் மென்மையாகத்தான்.
அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.
மடங்கிய தகரத்தில் நோட்டீஸ் அப்படியே இருந்தது.
தேதி தெரிந்தது. படம் எடுத்தேன்.

தெருவில் மைசூர்பாகு கொடுத்தார்கள்.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவர்
எதிர்வீட்டு தனகோட்டி. அவர் கேட்டார்,
"ஏழு நாள் குட்த்தா இன்னா ஆவும் தெர்யுமா?
ஸ்டே வாங்குவான்.
ஸ்டே வாங்கனா பதினோரு வர்சம்.
பதினோரு வர்சமும் உன் சிலிண்டர் மெதக்கும். பரவால்லயா?"

பதில் இல்லை.
இன்றைக்கும் இல்லை.
அவர் சொன்னது நடந்திருக்கும்.

ஆனாலும்
அந்த நாலு நாளை யார் எடுத்தது?
புதன், வியாழன், வெள்ளி, சனி.
எழுதிக் கொடுத்த நாள்கள்.
முத்திரை குத்திக் கொடுத்தவை.
ஒரு சைக்கிள் காணாமல் போனாலும்
விருதம்பட்டு ஸ்டேஷனில் ரசீது கொடுக்கிறார்கள்.
பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்டேன்.
முப்பதாவது நாள் பதில் வந்தது:
தாங்கள் கோரிய தகவல் கோப்பில் இல்லை.

பாஷா வழக்குப் போட்டார்.
சாட்சிக்கு வருவதாக நானே போய்ச் சொன்னேன்.
அவர் நன்றி சொல்லவில்லை.
புளியமரத்தடியில் கைப்பம்பு வைத்திருந்தார்;
காற்றுக்குப் பத்து ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார்.
முன்பு ஐந்து.
தெருவில் எனக்கு வேறு பெயர் வந்துவிட்டது.
இங்கே எழுத வேண்டாம்.

இந்த ஐப்பசியிலும் ஏரி நிரம்பியது.
கால்வாய் முழுசாக ஓடியது.
வாசற்படி நனையவில்லை.
நன்றாகத் தூங்கினேன், அதுதான் கஷ்டம்.

சத்துவாச்சாரி கோர்ட்டில் மூன்று வாய்தா.
நாலாவது முறை கூண்டில் ஏற்றினார்கள்.
மின்விசிறிச் சத்தத்துக்கு மேல்
அரசு வக்கீல் கேட்டார்.
மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதா?
ஆமாம்.
ஆக்கிரமிப்பு என்று எழுதியது நீங்கள்தானே?
நான்தான்.
இந்த வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?
வரவில்லை.
பிறகு உங்களுக்கு என்னம்மா குறை?

தட்டச்சர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
பின்பெஞ்சில் பாஷா
சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, ஐயா,
என்றேன்.